மீன் கடைசியாகத்தான் வரவேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நான்கு வாரங்களுக்கு முன் தங்கள் ஞாயிறு இணைப்பின் வீட்டலங்காரப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் பற்றி எழுதுகிறேன். அரைப் பக்கத்துக்கு வண்ணப்படம்: கண்ணாடித் தொட்டி, நீல விளக்கு, முருகைக்கல், நடுவில் இரண்டு கோமாளி மீன்கள். காலையில் தொட்டியை வைத்து உப்பைக் கரைத்தால் மாலையில் மீனை விடலாம் என்று எழுதியிருந்தது. நான் மட்டக்களப்பு மாவட்டத்தின் கல்குடாவில் ஒன்பது பருவம் அலங்கார மீன் பிடித்த சுழியோடி. அந்த ஒரு வரி எத்தனை மீன்களைக் கொல்லும் என்று எனக்குத் தெரியும். வாசித்த அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டேன்; அதன் பலனை என் குடும்பத்திலேயே பார்த்தேன்.

கல்லடியில் இருக்கும் என் அக்காவின் மகன், தன் பிள்ளையின் ஏழாவது பிறந்தநாளுக்கு அந்தப் படத்தில் இருந்ததைப் போலவே ஒரு தொட்டி வாங்கினான். மூன்றடித் தொட்டி, வடிகட்டி, விளக்கு, ஒரு பை உப்பு, கொஞ்சம் கல், ஏழு மீன்கள், இரண்டு இறால்கள். எல்லாம் ஒரே கடையில், ஒரே பிற்பகலில். ஐந்தாம் நாள் இரவு தொலைபேசியில் அழைத்தான். "மாமா, மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்று கடையில் மருந்து தந்தார்கள். அதை ஊற்றியதும் இறால் இரண்டும் செத்துவிட்டன" என்றான். மறுநாள் வாழைச்சேனையிலிருந்து முதல் பஸ்ஸில் போனேன். நான் போய்ச் சேரும்போது நான்கு மீன்கள் அடியில் கிடந்தன. பிள்ளை தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கையோடு கொண்டுபோன சோதனைக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தேன். மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் சில நிமிடங்களில் கரும்பச்சையானது. அமோனியா. பூஞ்சணமும் இல்லை, வேறு நோயும் இல்லை. தங்கள் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட உணவிலிருந்தும் வந்த அமோனியாவில் செவுள் வெந்து அந்த மீன்கள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன. மருந்துப் போத்தலில் இருந்தது செம்பு. சில மீன் நோய்களுக்குச் செம்பு நல்ல மருந்துதான். ஆனால் அதைத் தனித் தொட்டியில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். இறாலுக்கும் முருகைக்கும் அது நஞ்சு. கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு பிறகும் கசியும்.

பிள்ளை என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "தண்ணீர் சுத்தமாகத்தானே இருக்கிறது?" உண்மையில் கண்ணாடியைப் போலத்தான் இருந்தது. அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக உங்கள் வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

அதற்கு முன் அந்த மீன்கள் வந்த வழியைச் சொல்ல வேண்டும். கிழக்குக் கடல் அமைதியாக இருப்பது ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை. அந்த மாதங்களில் காயான்கேணிப் பக்கத்திலும் கல்குடாவிலும் ஆறேழு பாக (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) ஆழத் தண்ணீரில் கைவலையோடு இறங்குவோம். சிலர் மொக்சி வலை போட்டார்கள். ஈயம் கட்டிய அந்த வலை முருகையின் மேல் விழுந்தால் கிளைகள் நொறுங்கும். அது தடைசெய்யப்பட்ட வலை. ஒரு பட்டாம்பூச்சி மீனைக் காயம் இல்லாமல் பிடிக்க ஒரு மூச்சளவு பொறுமை போதாது. பிடித்த பிறகு அவசரமாக மேலே கொண்டுவந்தால் அதன் காற்றுப்பை வீங்கிவிடும். பாதி வழியில் நிறுத்தி, காத்திருந்து, மெல்ல மெல்ல ஏற்றுவோம். 2010 முதல் 2018 வரை இதுதான் என் தொழில். காது பழுதானதால் விட்டேன்.

பொதி கட்டும் இடத்தில் மீனுக்கு ஒரு நாள், இரண்டு நாள் உணவு கொடுக்கமாட்டார்கள். ஏன் என்று தொடக்கத்தில் எனக்கு விளங்கவில்லை. வயிற்றில் ஏதாவது இருந்தால் பைக்குள் கழித்துவிடும். அரை லீற்றர் தண்ணீர் அமோனியாவாகிவிடும் என்று மூத்த சுழியோடி ஒருவர் விளக்கினார். கடலிலிருந்து கடை வரை இந்த மீன் கடந்து வரும் ஒவ்வொரு கையும் அமோனியாவுக்குப் பயந்துதான் வேலை செய்கிறது. கடைசிக் கைக்கு மட்டும் அதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பைக்குள் மீன் விடும் மூச்சால் தண்ணீரின் பி.எச். பெறுமானம் இறங்கிவிடும், அதாவது தண்ணீரில் அமிலத்தன்மை கூடும். அந்த நிலையில் அமோனியாவின் பெரும்பகுதி தீங்கு குறைந்த அமோனியமாக இருக்கும். பையைத் திறந்ததும் காபனீரொட்சைட்டு வெளியேறும், பெறுமானம் ஏறும். அது 7இலிருந்து 8க்கு ஏறினால் நஞ்சாக இருக்கும் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும். ஆகவே நீண்ட பயணம் வந்த பையைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்ப்பது மீனுக்குச் செய்யும் நன்மை அல்ல. மூடிய பையை மிதக்க விட்டு வெப்பநிலையைச் சமப்படுத்துங்கள். உப்புச் செறிவு இரண்டிலும் ஒத்திருந்தால், திறந்தவுடன் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

இனி அந்தச் சுத்தமான தண்ணீருக்கு வருகிறேன். என் மகள் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். நைதரசன் வட்டம் என்று அவளுடைய புத்தகத்தில் அம்புக்குறிகளோடு ஒரு படம் இருந்தது. கழிவிலிருந்து அமோனியா வருகிறது. ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்று ஆக்குகிறது. இன்னொரு வகை அதை நைத்திரேற்று ஆக்குகிறது. முதல் இரண்டும் மீனுக்கு ஆபத்து. மூன்றாவதை ஓரளவு தாங்கும். தண்ணீரை மாற்றிக் குறைத்துக்கொள்ளலாம். இந்தப் பற்றீரியாக்களை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி, 1890ஆம் ஆண்டளவில். இரண்டாவது வேலையை நைத்ரோபக்டர் செய்வதாகத்தான் புத்தகத்தில் இருந்தது. தொட்டிகளில் பெரும்பாலும் நைத்ரோஸ்பைரா என்ற வேறொரு கூட்டம் அதைச் செய்கிறது.

புதுத் தொட்டியில் இவை ஒன்றுமே இல்லை. கண்ணாடி இருக்கிறது, உப்பு இருக்கிறது, கழிவை ஏற்றுக்கொள்ள ஆள் இல்லை. பழஞ்சோற்றைப் புளிக்கவைக்கும் பற்றீரியா ஒரு மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். அமோனியாவைத் தின்னும் இந்தக் கூட்டம் ஒரு தடவை இரட்டிப்பாகவே அரை நாளுக்கு மேல் எடுக்கும். அதனால்தான் நான்கு முதல் ஆறு கிழமை காத்திருக்கச் சொல்கிறோம். பணம் கொடுத்து அந்த நாட்களை வாங்க முடியாது. போத்தலில் விற்கும் பற்றீரியா நன்றாக இருந்தால் சில நாட்கள் குறையும். ஓடிக்கொண்டிருக்கும் நல்ல தொட்டியிலிருந்து ஒரு துண்டு வடிகட்டிப் பஞ்சு கிடைத்தால் இன்னும் நல்லது. பழைய தொட்டியின் தண்ணீரை மட்டும் கொண்டுவந்து ஊற்றிப் பயனில்லை. இவை தண்ணீரில் மிதந்து திரிவதைவிடக் கல்லிலும் மணலிலும் பஞ்சிலும் ஒட்டித்தான் வாழ்கின்றன.

என் முதல் தொட்டியை 2020 ஏப்ரலில் தொடங்கினேன். ஊரடங்குக் காலம். தொட்டி இருந்தது, சோதனைக் கரைசல் இருந்தது, மீன் வாங்கத்தான் எந்தக் கடையும் திறந்திருக்கவில்லை. அந்தத் தொட்டி இன்றுவரை நன்றாக இருப்பதற்கு அதுவே காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். 126 லீற்றர் தண்ணீருக்குள் ஒரே ஒரு பச்சை இறாலைப் போட்டேன். அது அழுகும்போது அமோனியா வரும். பற்றீரியாவுக்கு அதுதான் உணவு. மனைவி இரண்டு நாள் அந்த அறைக்குள் வரவில்லை, அவ்வளவு நாற்றம். மகளின் பழைய கொப்பியில் தினமும் எழுதினேன். 4ஆம் நாள் அமோனியா மில்லியனுக்கு 1 பங்கு. 9ஆம் நாள் 4. இறாலில் மிஞ்சியதை எடுத்துவிட்டேன். 13ஆம் நாள் நைத்திரைற்றுச் சோதனைக் குழாயில் முதல் ஊதா நிறம். 22ஆம் நாள் அமோனியா இல்லை, நைத்திரைற்று அட்டையில் உள்ள உச்ச நிறம். அந்த உச்சத்திலேயே ஒரு கிழமைக்கு மேல் நின்றது. தொட்டி கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். 31ஆம் நாள் காலையில் பார்த்தால் வானநீலம், நைத்திரைற்றும் இல்லை.

அன்றும் மீன் விடவில்லை. அமோனியம் குளோரைட்டுக் கரைசலைக் கொஞ்சம் சேர்த்து அமோனியாவை 2 பங்குக்கு உயர்த்தினேன். மறுநாள் அதே நேரத்தில் சோதித்தபோது அமோனியாவும் இல்லை, நைத்திரைற்றும் இல்லை. இதுதான் தேர்வு. 24 மணி நேரத்துக்குள் இரண்டும் இல்லாமல் போனால் தொட்டி தயார். நைத்திரேற்று 40க்கு மேல் இருந்ததால் பாதித் தண்ணீரை மாற்றினேன். பிறகும் இரண்டு மீன்கள் மட்டும். அடுத்த மீனுக்கு இன்னும் இரண்டு கிழமை. இருக்கும் உணவுக்கு ஏற்ற அளவுதான் பற்றீரியாவும் இருக்கும். ஒரேயடியாக ஏழு மீன்களை விட்டால் தயாரான தொட்டியும் தடுமாறும்.

சில கடைகளில், மலிவான சிறு மீன்கள் இரண்டைப் போட்டுத் தண்ணீரைப் பழக்குங்கள், செத்தால் பரவாயில்லை என்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த மலிவான மீனும் பாறை இடுக்கில் ஒளிந்து, என் கைவலைக்குள் வந்து, பாதிக் கடலில் காத்திருந்து மேலே வந்ததுதான். ஓர் இறாலால் நடக்கும் வேலைக்கு உயிருள்ள மீனை எரிய விடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

நம் ஊருக்கே உரிய சில விடயங்களை அந்தக் கட்டுரை தொடவில்லை. முதலாவது தண்ணீர். கடல் நமக்கு வாசலில் இருக்கிறது, உப்பு வாங்க வேண்டியதில்லை என்று பலர் பாலமீன்மடு முகத்துவாரத்தில் கான்களை நிரப்புகிறார்கள். வாவி கடலோடு கலக்கும் இடம் அது. மாரியில் வெள்ளம் வந்து முகத்துவாரம் திறந்தால் சேறும் வயல் நீரும் நன்னீரும் அங்கேதான் வந்து சேரும். தெற்கே கல்லாற்று முகத்துவாரத்துக்கும் இது பொருந்தும். கடல்நீர் எடுப்பதானால் இந்த வாய்களிலிருந்து விலகி, மழையில்லாத மாதங்களில், படகில் கொஞ்சம் வெளியே போய் எடுங்கள். மூடி, இருட்டில் இரண்டு கிழமை வையுங்கள். அதிலிருக்கும் நுண்ணுயிர்கள் செத்து அடங்கட்டும். பிறகு உப்புச் செறிவைப் பாருங்கள். லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம், தன்னீர்ப்பு மானியில் (உப்புத் தண்ணீரின் அடர்த்தியைக் காட்டும் கருவி) 1.025 அல்லது 1.026 வர வேண்டும்.

கறியுப்பைக் கரைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது கல்சியம் சேர்ந்த உப்புகள் முன்னதாகவே படிந்துவிடும். மகனீசியம் கடைசியில் வடித்துவிடும் கசப்பு நீரோடு போய்விடும். மிஞ்சுவதைத் திரும்பத் தண்ணீரில் கரைத்தால் கடல் திரும்பி வராது. முருகைக்கு அந்தக் கல்சியமும் மகனீசியமும்தான் வேண்டும்.

அடுத்தது கச்சான் என்ற வறண்ட சூடான காற்று. ஆனி, ஆடியில் என் தொட்டித் தண்ணீர் 31 பாகை வரை ஏறும். 25 முதல் 27 பாகைதான் அதற்கு நல்லது. சிறு மின்விசிறி ஒன்றைத் தண்ணீரின் மேல் வீசவிட்டால் இரண்டு மூன்று பாகை இறங்கும். ஆனால் தினமும் இரண்டு லீற்றர் ஆவியாகிவிடும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். ஆகவே ஈடுசெய்ய ஊற்றுவது நன்னீராக இருக்க வேண்டும். என் மருமகன் உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தான்; ஐந்து நாளில் செறிவும் ஏறியிருந்தது. குழாய் நீரில் குளோரின் இருக்கும், அது நாம் வளர்க்கும் பற்றீரியாவையே கொல்லும். நம் மணற்கரைக் கிணறுகளில் உரமும் மலசலகூடக் கசிவும் நைத்திரேற்றாக இறங்கியிருக்கக்கூடும். கடைகளில் கானில் விற்கும் சுத்திகரித்த குடிநீர்தான் பாதுகாப்பானது.

மின்வெட்டையும் மறக்கக் கூடாது. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். பற்றீரியாவும் ஒட்சிசனில்தான் வாழ்கிறது. மூடிய வடிகட்டிக்குள் ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் அது சாகத் தொடங்கும். அந்த இரவுகளில் நானும் மகளும் முறை வைத்துக் குவளையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினோம். மின்கலத்தில் ஓடும் சிறு காற்றுப் பம்பி ஒன்றை மீனுக்கு முன்பே வாங்கி வையுங்கள்.

வட்டம் முடியும் தறுவாயில் கண்ணாடியும் மணலும் கபில நிறமாகும். பிறகு பச்சைப் பாசி வரும். பலர் இந்த இடத்தில் பயந்து எல்லாவற்றையும் கழுவிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். அது வளர்ச்சியின் ஒரு கட்டம். விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு விடுங்கள். சில கிழமைகளில் தானாகக் குறையும். பாசிக்குடா என்று பெயர் வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் நாம், கொஞ்சம் பாசிக்குப் பயப்படலாமா?

முருகையைப் பற்றி ஒரு வார்த்தை. உயிருள்ள கல்லில் பற்றீரியா நிறைய இருக்கும் என்று எங்கோ கேட்டுவிட்டு, பாசிக்குடாவிலும் காயான்கேணியிலும் கல் உடைத்துக்கொண்டு வரலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கூடாது. கடலிலிருந்து முருகைக்கல் எடுப்பது சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கையளவு முருகை வளர எத்தனை ஆண்டு எடுக்கிறது என்பதை ஒவ்வொரு பருவமும் அதே பாறையில் இறங்கிப் பார்த்தவன் நான். ஒன்பது பருவத்தில் நான் அடையாளம் வைத்திருந்த கிளை ஒன்று என் உள்ளங்கையைத் தாண்டவில்லை. செயற்கைக் கல் போதும். துளைகள் நிறைந்ததாகப் பார்த்து வாங்குங்கள், பற்றீரியா அதிலும் குடியேறும்.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அதே அளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. முதல் மீனுக்கு முன் ஆறு கிழமை என்ற ஒரு வரி போதும். கடைக்காரர்களுக்கும் சொல்கிறேன்: தொட்டியை இன்று விற்றால், மீனுக்குப் பதிலாக ஒரு சோதனைக் கரைசலைக் கொடுத்து அனுப்புங்கள். ஆறு கிழமை கழித்து அந்தக் கண்ணாடிக் குழாயைக் காட்டினால் மீன் தாருங்கள். சாகாத மீனை வாங்கியவர் மறுபடி உங்களிடம்தான் வருவார். ஒரு பருவத்தில் எங்களைப் போன்றவர்கள் கடலிலிருந்து எடுக்க வேண்டிய மீனும் குறையும்.

உயிரோடு இருந்த மூன்று மீன்களை அன்று நான் என்னோடு எடுத்து வந்தேன். ஒன்று வழியில் செத்தது, இரண்டு இப்போது என் வீட்டில் நன்றாகத் தின்கின்றன. மருமகன் செம்பு ஏறிய கல்லையும் மணலையும் எறிந்துவிட்டுத் தொட்டியைப் புதிதாகத் தொடங்கியிருக்கிறான். இன்று 11ஆம் நாள். நேற்று மாலை பிள்ளை தொலைபேசியில் நிறங்களை வாசித்தான்: அமோனியா வெளிர்பச்சை, நைத்திரைற்று ஊதா தொடங்கிவிட்டது. மீன் எப்போது என்று அவன் கேட்கவில்லை. நாளைக்கும் சோதிக்கலாமா என்றுதான் கேட்டான்.

என் தொட்டியில் மேலதிகமாகப் பஞ்சுத் துண்டுகள் ஊறிக்கொண்டிருக்கின்றன. புதிதாகத் தொடங்குபவர்கள் யாராவது தங்கள் அலுவலகத்துக்கு எழுதினால் எனக்கு அனுப்பிவையுங்கள், இலவசமாகத் தருகிறேன். மூடியுள்ள வாளியில் கடல்நீர் கொண்டுவர வேண்டும். பஞ்சு காயக் கூடாது, வீட்டுக்குப் போனதும் குழாய் நீரில் கழுவவும் கூடாது. தொட்டிக்குள் மீன் இல்லாதவர்களுக்கு முதலில் தருவேன்.

இப்படிக்கு,
முன்னாள் சுழியோடி ஒருவர்,
கல்குடா.